ஒரு கார் அளவு இடம்

இங்கேதான் நிற்கிறேன், ஓர் அடிகூட நகரவில்லை என்று நான் போனில் கத்தியது என் வீட்டுக்காரருக்குக் கேட்டதோ இல்லையோ, பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. கேட்கட்டும். முன்னால் ஒரு வெள்ளைக் கார், பின்னால் ஒரு கறுப்புக் கார், நடுவே ஒரு கார் அளவு இடம். அந்த இடத்தில் கார் இல்லை, நான் இருக்கிறேன். கோகிலாமணி, ஊர் வடவள்ளி, கையில் வயர் கூடை, கூடைக்குள் தூக்குப்போசிகள். ஒன்றில் அரிசிம்பருப்புச் சாதம், ஒன்றில் தட்டப்பயிற்றுக் குழம்பு, ஒன்றில் மிளகு சீரகம் அரைத்துவிட்ட செலவு ரசம். ரசம் மூடி வழியாகக் கசிந்து கூடையின் அடியெல்லாம் மிளகு வாசம். பஸ்ஸில் போனால் சிந்திவிடும், அலுங்காமல் குலுங்காமல் காரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சொன்ன என் வீட்டுக்காரர், லாலி ரோட்டில் ஒரு நாய்க்காகப் போட்ட பிரேக்கில் சிந்தியது அது. நாய் பிழைத்தது, சந்தோஷம். ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடைக்குப் பதினொன்றரைக்குள் இந்தச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். கடையில் வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் தினமும் மத்தியானம் சமைத்துப்போட ஆள் தேடுகிறார்கள், முதலாளியம்மா இன்றைக்கு ருசி பார்த்து முடிவு சொல்கிறார், அதன் பிறகு திருப்பூர் கிளம்பிவிடுவார், இன்னொரு நாள் என்ற பேச்சே கிடையாது என்று அங்கே சேல்ஸில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிரேமா தெளிவாகச் சொல்லியிருந்தாள். நானோ திருச்சி ரோட்டில் நிற்கிறேன். எங்கே ஒப்பணக்கார வீதி, எங்கே திருச்சி ரோடு! இத்தனைக்கும் அந்தக் கடை வாசலுக்கே வந்துவிட்டோம், காலையிலேயே. நான் இறங்கிக்கறனுங்க என்றேன். "நீ போயி என்னத்தப் பேசுவ? இரு மணி, வண்டிய நிறுத்திட்டு நானும் வர்றேன். பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். கடைக்குக் கீழே இருந்த பார்க்கிங்கில் இடமில்லை என்று செக்யூரிட்டி கையை விரித்தான். தீபாவளிக்கு முந்தின வாரம், பின்னே எப்படி இருக்கும். ராஜ வீதி இல்லை, பெரிய கடை வீதி இல்லை, உக்கடத்தில் இல்லை, வாலாங்குளத்தை ஒட்டி வந்து சுங்கமும் தாண்டி, இதோ இந்த ரோட்டில், அதுவும் எதிர்ப்பக்கத்தில், ஓர் இடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. புதையல் கண்ட மாதிரி குதித்தார். "எறங்கு, எறங்கு, அக்கட்ட ஓடிப்போயி நில்லு, எவனையும் உட்றாத. நான் யூ டர்ன் போட்டு வந்தர்றேன். இங்க நிறுத்திட்டு ஆட்டோ புடிச்சு டவுன்ஹால் போயிரலாம்." கடை இருக்கிற டவுன்ஹாலில் இருந்து கிளம்பி, டவுன்ஹாலுக்கு ஆட்டோ பிடிக்கிற தூரத்துக்கு வந்து காரை நிறுத்தப்போகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நடுத்தடுப்புச் சந்தில் புகுந்து, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓடிவந்து நின்றுவிட்டேன்.

கார் வாங்கிய நாளிலிருந்து எனக்கு இதுதான் உத்தியோகம். கல்யாணத்துக்குப் போனால் பட்டுப்புடவையோடு மண்டபத்து ரோட்டில் இடம் பிடித்து நிற்பேன், உள்ளே தாலி கட்டி முடித்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மூட்டு வலிக்காரி நான் வெயிலில் நிற்பேன், வலி இல்லாத அவர் ஏசியில் உட்கார்ந்து சுற்றி வருவார். மருதமலை அடிவாரத்தில் ஒரு கிருத்திகைக்கு நான் நின்ற நிற்பைப் பார்த்து யாரோ ஒரு அம்மாள் வேண்டுதலா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்ல. அவர் கெட்டவர் இல்லை. வெள்ளிங்கிரி என்று பேர் வைத்ததால் மலை மாதிரி பொறுமை, என்னிடம் கையை ஓங்கியவரில்லை, மோட்டார் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இந்தக் காரை எனக்காகத்தான் வாங்கினார், சாவியை என் கையில் கொடுத்துத்தான் பூஜை போட்டார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் நான்தான். இனிமேல் என் பொண்டாட்டி பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று ஊரெல்லாம் சொன்னார். கேட்கும்போது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் தனியாக எங்கும் போனதே இல்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே வேண்டாம் என்று ஆகி எவ்வளவு காலமாகிறது, ஒரு தடவை ஏறியதில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டாப்பின் கூரை நிழல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள், நம் ஊர்க்காரிக்குத்தான் அது வரும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டால் அந்த சீட் நம்முடையது, யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் சண்டை போட நியாயம் உண்டு. அந்த நினைப்பில் வயர் கூடையை இடத்தின் நடுவில் வைத்துவிட்டு நிழலுக்கு நகர்ந்தேன். நகர்ந்த கணத்தில் ஓர் ஆட்டோ சர்ரென்று உள்ளே நுழைந்தது. நான் போட்ட கூச்சலில் முன்சக்கரம் கூடையை முட்டிக்கொண்டு நின்றது. "ஏனுங்க்கா, ரோட்ல கூடைய வெச்சா யாருக்குத் தெரியுது?" என்று அவன் கேட்டான். இடம் புடிச்சு வெச்சிருக்கனுங்க என்றேன். அவன் கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டான். விடியற்காலையில் எழுந்து வறுத்து அரைத்து வைத்த குழம்பு, அதை ஒரு கார் அளவு இடத்துக்குப் பந்தயமாக வைத்துவிட்டேனே என்று போசிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் இருந்தது.

போன் அடித்தது. "மணி, யூ டர்ன அடைச்சு வெச்சிருக்கறாங்க. ராமநாதபுரம் சிக்னல் வரைக்கும் போயித் திரும்பிட்டு வர்றேன். நிக்கறயில்ல?" நிக்கறனுங்க. "உட்றாத." சரிங்க. அந்தச் சரிங்கவை நான் சொல்கிறேனா அதுவாக வருகிறதா என்று யோசித்தேன். அப்போதுதான் முதல் பஸ் வந்தது. டவுன்ஹால், டவுன்ஹால் என்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டார். இரண்டு பேர் ஏறினார்கள், பஸ் போய்விட்டது. டவுன்ஹால் ஸ்டாப்பில் இறங்கினால் அந்தக் கடைக்கு நடந்துவிடலாமே என்று தோன்றியது, தோன்றிய வேகத்திலேயே பயமும் வந்தது. படி உயரமாக இருக்குமே, முட்டி மடங்குமா. கூட்டத்தில் கூடையை எப்படிப் பிடிப்பது. சிந்தினால். பிடிக்கத் தெரியாதவளா நான்? கல்யாணத்துக்கு முந்தி பீளமேட்டில் மில் ஆபீஸில் வேலை பார்த்தபோது வடவள்ளியில் ஏறி பஸ் மாறி அந்த வேலைக்குப் போனவள்தானே. இடது கையில் கம்பி, வலது கையில் தூக்குப்போசி, இடுப்பை சீட் ஓரத்தில் அண்டக்கொடுத்து நின்றால் டிரைவர் என்ன பிரேக் போட்டாலும் போசி ஆடாது, பின்னால் வருகிறவர்களின் மோர் என் தோளில் சிந்தும், என் மோர் யார் மேலும் சிந்தியதில்லை. கூட வந்த பெண்கள் அவரவர் சாப்பாட்டையும் என்னிடம் கொடுத்துவிடுவார்கள். அது வேறு வயசு. அது வேறு முட்டி. சரி, பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம், கடைக்குப் போய் முதலாளியம்மா முன்னால் யார் பேசுவது? பேசுகிறவர் ராமநாதபுரம் சிக்னலில் இருக்கிறார். மாதத்துக்கு இவ்வளவு ஆகும், காய்கறி யார் வாங்குவது, கேஸ் யாருடையது, இதையெல்லாம் அவர் ராத்திரி சொல்லிச் சொல்லிப் பார்த்தார், நான் மாவாட்டிக்கொண்டே கேட்டேன், அவர் மறந்த இடத்தில் நான் எடுத்துக்கொடுத்தேன். அப்படியானால் எனக்குத்தானே தெரியும். தெரிவது வேறு, வாயைத் திறப்பது வேறு. இடத்தை விட்டுவிட்டுப் போனால் அவர் வந்து பார்ப்பார், என் இடத்தில் வேறொரு கார் நிற்கும், அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், திட்டமாட்டார், திட்டினாலாவது தேவலை, ரெண்டு நாளைக்குச் சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிடுவார். இதற்குள் இரண்டாவது பஸ்ஸும் வந்தது, நின்றது, போனது. அதன் பின்பக்கத்தை நான் கண்ணுக்கு எட்டுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கார் ஒன்று மெதுவாக வந்து என் முழங்காலுக்கு நேரே நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண், என்னைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும், காதில் பெரிய வளையம். கண்ணாடியை இறக்கி, "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா, வண்டிய உடோணும்" என்றாள். இல்லைங்க, எங்க வண்டி வருது என்றேன். "எங்கீங்க வருது?" யூ டர்ன் போடப் போயிருக்குங்க. அவள் ரோட்டை எட்டிப் பார்த்தாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் அசரவில்லை, இன்ஜினை ஓடவிட்டு என் கூடையை மோந்து பார்த்தாள், "செலவு ரசமுங்களா?" ஆமாங்க. சமையலுக்கு ஆள் கேட்டிருந்தாங்க, ருசி பாக்கக் கொண்டு போறேன், ஒப்பணக்கார வீதிக்கு. "ஒப்பணக்கார வீதிக்கா? அப்பறம் இங்க எதுக்குங்க நிக்கறீங்க?" இடம் புடிச்சு. அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, ஆனால் கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "அட ஏனுங்க்கா, வண்டிய அவரு கூடவே வெச்சுட்டு, உங்களக் கொண்டாந்து இங்க பார்க் பண்ணிட்டுப் போயிட்டாருங்களா?" ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை, அதற்குப் பதிலாக என் கால்கள் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்த்தேன். முன்காருக்கும் பின்காருக்கும் சரியாக நடுவில், வெள்ளைக்கோட்டுக்குள், நேராக, ஒழுங்காக. உண்மையிலேயே நன்றாகத்தான் நிறுத்தியிருக்கிறார். போன் அடித்தது. "மணி, ராமநாதபுரத்துல திரும்ப உடுலெ. ஒலம்பஸ் தாண்டிட்டேன். இப்பிடியே போனா சிங்காநல்லூர்லதான் திருப்போணுமாட்ட இருக்குது. நீ நில்லு. எடத்த மட்டும் உட்றாத." மணி என்னாச்சுங்க என்றேன். "மணியப் பத்தி நீ ஏன் கவலப்படற, நான் பாத்துக்கறேன்." சிங்காநல்லூர்! அவர் என்னை விட்டு, கடையை விட்டு, ஊரை விட்டே போய்க்கொண்டிருக்கிறார், சொகுசாக, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் இங்கே இருக்கிற தைரியத்தில். நான் இங்கே நிற்கிற வரைக்கும் அவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். இங்கே நின்று நான் காப்பாற்றுவது எதை? கார் நிற்கிற இடத்தை. கார் எதற்கு? என்னைக் கடைக்குக் கொண்டுபோக. கடைக்கு நான் போய்விட்டால் கார் எதற்கு, இடம் எதற்கு? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை பஸ் போக வேண்டியிருந்தது. குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது, கோகிலா. ஆறின தட்டப்பயிறு கெட்டிப்பட்டுவிடும், ருசி போய்விடும், அந்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார், அப்புறம் நீ ஆயுசுக்கும் வெள்ளைக்கோட்டுக்குள் நிற்கலாம்.

மூன்றாவது பஸ் தூரத்தில் தெரிந்தது. நெற்றியில் டவுன்ஹால் வழி உக்கடம் என்று போட்டிருந்தது, எனக்கு அப்போது அதைவிட நல்ல எழுத்து வேறு தெரியவில்லை. சிவப்புக் காரைப் பார்த்து, வாங்க, உடுங்க என்றேன். அவள் நம்பாமல், "நெசமாவா? அவரு?" என்றாள். அவரு வர்றப்ப வரட்டுங்க என்றேன். வெள்ளைக்கோட்டைத் தாண்டினேன். பஸ் நின்றது. படி உயரம்தான். கூடையை முதலில் மேலே வைத்தேன், ஒரு பெண் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டாள், கம்பியைப் பிடித்தேன், முட்டி ஒரு தடவை கத்தியது, கத்தட்டும் என்று ஏறிவிட்டேன். ஏறிவிட்டேன்! "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார் கண்டக்டர், அதே பழைய குரல், எல்லாக் கண்டக்டருக்கும் ஒரே குரல்தான். இடது கை தானாகக் கம்பியைத் தேடிப்போனது. இடுப்பு தானாக சீட் ஓரத்தில் அண்டிக்கொண்டது. கூடை வலது கையில், பஸ் கிளம்பிய இழுப்பில் எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள், நான் சாயவில்லை, போசி ஆடவில்லை. மல்லிகைப்பூவும் வியர்வையும் டீசலும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், காசு கேட்கவில்லை, அதை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவள் கையில் கைக்குழந்தை இருந்தது, அது என் கூடைக்குள் கையை விட்டது, விடு சாமி, சூடு என்றேன். சுங்கம் வந்தது. ரோட்டில் கார்கள் ஒன்றோடு ஒன்று முட்டாத குறையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், ஓர் ஆளுக்கு இத்தனை தகரமா என்று மேலே நின்று பார்க்கும்போதுதான் தெரிகிறது. எங்கள் டிரைவர் ஹாரன் அடித்து உடம்பைக் குறுக்கி எப்படியோ ஒரு சந்தில் புகுந்து போனார், பஸ்ஸுக்கு வழிவிடாமல் யாரும் நிற்க முடியாது, இடிபடப் பயப்படுவது காரைத் துடைத்து வைத்திருப்பவர்கள்தான். நான் இந்த ஊரில் பிறந்தவள். இந்த ஊரை உயரத்திலிருந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. போன் அடித்தது. கம்பியை விட மனமில்லாமல், கூடையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு எடுத்தேன். "மணி, திரும்பிட்டேன். வந்துட்டே இருக்கறேன். எடம் இருக்குதில்ல?" இல்லைங்க. "என்னது?" குடுத்துட்டனுங்க. நான் பஸ்ல போயிட்டிருக்கேன். அவருக்குப் பின்னால் எத்தனையோ ஹாரன். "பஸ்லயா? குழம்பு?" குழம்பு நல்லா இருக்குங்க, நீங்க பாத்து வாங்க என்று சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன். முதல் தடவையாக நான் வைத்தேன். டவுன்ஹால் வந்துவிட்டது.

முதலாளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டார். பிரேமா படியில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள், மூச்சு வாங்க மாடி ஏறிப் போய் வணக்கமுங்க என்றேன். வேறு யாரோ கொண்டுவந்த சாப்பாடு மேஜையில் பாதி தொட்டும் தொடாமலும் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். கம்பியைப் பிடித்த உறுதி இன்னும் கையில் இருந்தது. அரிசிம்பருப்பை ஒரு வாய் வைத்தார். குழம்பை ஊற்றினேன், அதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்றார். "ரசம் ஏனுங்க இத்தனூண்டு இருக்குது?" கார்ல வந்ததுல சிந்திப் போச்சுங்க. "கார்லயா வந்தீங்க?" பாதி தூரம் கார்லீங்க, அப்பறம் பஸ் ஏறிட்டனுங்க. அவர் ரசத்தைக் குடித்துவிட்டுக் கேட்டார், "பேச்சு வார்த்தைக்கு ஊட்ல இருந்து யாராச்சும் வர்றாங்களா?" வர வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. நானே பேசறனுங்க என்றேன். பேசினேன். காய்கறி யார் வாங்குவது, கேஸ் யாருடையது, கூட எடுபிடிக்கு எத்தனை பேர் வேண்டும், என் கூலி என்ன, எல்லாவற்றையும் ராத்திரி நான் எடுத்துக்கொடுத்த வரிசையிலேயே, வீட்டுக்காரர் விட்டுவிட்ட ஞாயிற்றுக்கிழமை லீவையும் சேர்த்து, நிறுத்தாமல் பேசினேன். முடித்ததும் முதலாளியம்மா, "தெனமும் வடவள்ளில இருந்து நேரத்துக்கு வந்தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். பஸ்ல வந்தா வந்தரலாமுங்க என்றேன். "சரி, சமையக்கட்டு கீழ இருக்குது. ஏனம் பாத்தரமெல்லாம் பத்துமான்னு இப்பவே பாத்துச் சொல்லிருங்க. நாளைக்கே ஆரம்பிச்சுருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் படி இறங்கினேனா பறந்தேனா என்று பிரேமாவைத்தான் கேட்க வேண்டும். கீழே பெரிய சமையலறை, நீளமான மேடை, ஆள் உட்காரலாம் என்கிற அளவு அண்டாக்கள், அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தன. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் அண்டாவைக் குழாய்க்கு அடியில் தள்ளினேன், தண்ணீரைத் திறந்துவிட்டேன். போன் அடித்தது. "மணி, எங்க இருக்கற? ராஜ வீதிக்கே வந்துட்டேன். இங்க ஒரு வண்டி எடுக்கறான், எடம் காலியாகுது. வெரசா ஓடியாந்து அதுல கொஞ்சம் நில்லு, நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்தர்றேன்." முடியாதுங்க என்றேன். "ஏன்?" வேலைல இருக்கனுங்க. அவருக்குப் புரியவில்லை. "என்னது?" என்றார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கட்டும் என்று, இன்னொரு தடவை சொன்னேன், வேலைல இருக்கனுங்க. பிறகு போனை மேடையில் வைத்துவிட்டு, அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தேன்.